பரந்தாமனை வேண்டாமென்ற பெண்களின் நிழல்கள்

பரந்தாமனை முதன்முதலில் வேண்டாமென்று சொன்ன பெண், போகும்போது தன் நிழலை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனாள் என்பதை ஜூஸ் கடை சாமுண்டீஸ்வரி மேசை துடைக்கும்போதுதான் கவனித்தாள். ஈரத்துணியால் இழுத்துத் துடைத்துப் பார்த்தாள், சோப்புத்தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்தாள், நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தும் பார்த்தாள், அது நாற்காலியோடு போகாமல் இருந்த இடத்திலேயே கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கையில் செல்போனோடு, இன்னும் யாருக்காகவோ காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தது. கறையென்றால் இதற்குள் போயிருக்கும், இது நிழல் என்று அவளுக்கு விளங்கியதும் துணியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள், ஏனென்றால் அங்கே சாத்துக்குடி கேட்டு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கல்லேரி கூட்ரோட்டில் இதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்த புளியமரங்களை ஒன்றுவிடாமல் வெட்டிப்போட்ட பிறகு, வேலூர்ப் பக்கத்து வெயில் அந்த நாற்சந்தியில் தன் சொந்த வீடு மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள், நிழல் நகர நகர அந்த வரிசையும் நகரும், கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் பருமனாக இருந்துவிட்டால் பின்னால் இருக்கிறவர்கள் அவனை வாழ்த்துவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நிழல் போகாமல் தங்கினால், எப்படித் தங்கிற்று என்று கேட்கிறவன் முட்டாள், அதில் யார் முதலில் உட்காருவது என்றுதான் கேட்பார்கள். முதலில் உட்கார்ந்தது பூக்காரி ருக்குமணி. மல்லிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் நிழலுக்குள் அடங்கி உட்கார்ந்து, "அய்ய, ஆலமரத்தடி கணக்கா கீதுடி" என்றாள், சாயங்காலம் வரை அவள் பூ வாடவே இல்லை.

நிழலை விட்டுப் போன பெண்ணும் அதைத் தேடி வரவில்லை. அவளுக்கு ஓசூரில் நல்ல வரன் அமைந்து கல்யாணமும் ஆயிற்று, மேடையில் அவளுக்கு மட்டும் நிழல் விழாததை போட்டோக்காரன் வேலை மிச்சம் என்று எடுத்துக்கொண்டான்.

பெண் பார்க்க வீட்டுக்குப் போய் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் ஒழிந்து நாளாயிற்று. இப்போது பையனும் பெண்ணும் வெளியில் எங்காவது பார்த்துப் பேச வேண்டும், ஆனால் பெரியவர்கள் கண்ணில் படுகிற தூரத்தில் பேச வேண்டும், ஆனால் பெரியவர்கள் காதில் விழக்கூடாது; இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த இடம் சாமுண்டியின் கடைதான். உள்ளே மின்விசிறிக்கு அடியில் பெரியவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள், வெளியே வாசலில் கிடக்கிற மேசையில் பிள்ளைகள், நடுவே மிக்ஸி ஓடுகிற சத்தம். பெண் தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு எழுந்தால் சம்மதம், பாதியை வைத்துவிட்டு எழுந்தால் வேண்டாம், வாயால் சொல்லி யார் மனதையும் புண்படுத்த வேண்டியதில்லை என்று அதுவாகவே ஒரு முறை ஏற்பட்டிருந்தது.

பரந்தாமன் மேசையில் எந்தப் பெண்ணும் பாதிக்குக் கீழே போனதில்லை. ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பான், நல்ல உயரம், முப்பத்தாறு வயதுக்குத் தலை நிறைய முடி, கெட்ட பழக்கம் கிடையாது, அம்மாவைத் தவிர பிடுங்கல் கிடையாது. ஆனால் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்ஷனில் பல வருஷமாக வேலை பார்க்கிறவன், ஒரு பெண் எதிரே வந்து உட்கார்ந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பான், பார்த்ததைச் சொல்லியும் விடுவான். "உங்களுக்கு வலது கால் கொஞ்சம் பெரிசு, இல்லீங்களா?" என்று ஒரு நர்ஸிடம் கேட்டான். "இந்தக் குதிகாலோட நடந்தா நாப்பது வயசுல முட்டி போய்டும்" என்று ஒரு பேங்க்காரியிடம் சொன்னான். ஒருத்தி கொரியன் சீரியலாகப் பார்த்துத் தள்ளியவள், பெரிய கறுப்புக் குடையோடு வந்தாள், எழுந்து வந்து குடையை வாங்கித் தன் தலைக்கு மேல் பிடிப்பான் என்று அரைமணி நேரம் காத்திருந்தாள், இவன் அவள் செருப்பு வாரில் பிரிந்திருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஜூஸில் ஒரே ஒரு வாய்தான் குடித்தாள்.

குடைக்காரியின் நிழல் குடையோடேயே தங்கிவிட்டது. கூட்ரோட்டில் அதற்குத்தான் கிராக்கி. ஆட்டோ ஸ்டாண்டு ஏகாம்பரமும் அவன் கூட்டாளிகளும் மத்தியானச் சாப்பாட்டை அந்தக் குடை நிழலில்தான் பிரிப்பார்கள், பிள்ளைத்தாச்சிகள் வந்தால் எழுந்து இடம் விடுவார்கள். ஒரு நிழல் தங்கிவிட்டால் அடுத்த முறை மேசையைத் தள்ளிப் போட வேண்டியிருந்தது, அதனால் நர்ஸின் நிழலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நின்றார்கள், பேங்க்காரியின் நிழலில் தர்பூசணி வண்டி நின்றது, ஒல்லியான பெண்களின் நிழலில் ஒருவரும் நல்ல சதைப்பிடிப்புள்ள பெண்ணின் நிழலில் இரண்டு பேருமாக ஊர் தன்னைப் பங்கிட்டுக்கொண்டது, பூட்ஸ் காலோடு நிழலை மிதிக்கக்கூடாது என்று ஒரு மரியாதையும் வந்தது. ஆடிமாதம் கூழ் ஊற்றும்போது அந்த நிழல்களுக்கும் சேர்த்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

சாமுண்டி ஒருத்திக்குத்தான் வயிறு எரிந்தது.

அதை அவளே வெளியில் சொன்னதில்லை, எப்படிச் சொல்வாள்? அப்பா போன பிறகு கடையை எடுத்து நடத்துகிறவள், அவளுக்கு இருபது வயதாக இருக்கும்போதே ஊர் முழுக்க அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது, நரைத்த ஏகாம்பரத்துக்குக்கூட அவள் அக்காதான், அக்கா என்று ஆகிவிட்டவளுக்கு யார் வரன் கேட்பார்கள், முப்பத்துமூன்று ஆகிவிட்டது. பரந்தாமன் மட்டும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "ஏங்க" என்பான், அவ்வளவுதான். அந்த ஒரு "ஏங்க"வை வைத்துக்கொண்டு அவள் எத்தனையோ சாத்துக்குடிகளைக் கொட்டையோடு பிழிந்துவிட்டிருக்கிறாள். அவன் பெண் பார்க்க வருகிற நாளில் அவளுக்குக் காலையிலிருந்தே சாப்பாடு இறங்காது. வருகிறவளின் டம்ளரில் சர்க்கரையைக் குறைப்பாள், எலுமிச்சையை ஏற்றிவிடுவாள், அப்புறம் ஜன்னல் வழியே நின்று அந்தப் பெண் எத்தனை வாய் குடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள், பாதிக்கு மேலேயே டம்ளர் மேசையில் நின்றதும் மூச்சு வரும். ஆனால் அந்த மூச்சு வந்து முடிவதற்குள் அந்தப் பெண்ணின் நிழல் அங்கே தங்கிவிடும். போனவளை மறந்துவிடலாம், போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறவளை எப்படி மறப்பது? கடை திறக்கும்போது அவர்கள் இருப்பார்கள், கடை சாத்தும்போது அவர்கள் இருப்பார்கள், காதில் ஜிமிக்கி ஆடுகிறவள், பின்னலை முன்னால் போட்டுக்கொண்டவள், எல்லோரும் ஒரு மணி நேரமாவது அவன் எதிரே உட்கார்ந்து பேசியவர்கள். அவளோ அவனிடம் "சர்க்கரை போடட்டுமா" என்பதற்கு மேல் பேசியதில்லை. குடைக்காரியின் நிழல்மேல் அவள் வேண்டுமென்றே பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுவாள். நிழல் நனையாது, அதனால் இன்னும் எரிச்சலாக வரும்.

அதற்குள் ஊருக்கு ருசி கண்டுபோயிற்று. அடுத்த கோடை வருவதற்குள் ரேஷன் கடை வாசலுக்கு ஒன்று, பஸ் நிற்கிற இடத்தில் இன்னும் ஒன்று வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள், ஏகாம்பரமே தரகனாக மாறி ஜாதகக் கட்டோடு ஆட்டோவில் ஊர் ஊராகப் போனான். பரந்தாமனுக்கு ஒத்துவராத பெண்ணாகப் பார்த்துப் பொறுக்குவதில் அவனுக்கு ஒரு தனித் திறமையே வந்துவிட்டது. வெளிநாட்டு மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவளாக, காலைப் பற்றிப் பேசினால் கோபம் வருகிறவளாக, கொஞ்சம் அகலமானவளாகத் தேடினான். பரந்தாமனின் அம்மாவுக்கு இந்த உள்குத்து தெரியாது, கூட்ரோட்டு ஜனங்களுக்குத் தன் பிள்ளைமேல் இத்தனை அக்கறையா என்று கண் கலங்கினாள்.

"மேசைய கொஞ்சம் ரேஷன் கடைப் பக்கமா தள்ளிப் போட்டாக்கா நல்லாருக்கும் அக்கா," என்று ஏகாம்பரம் ஒருநாள் சாமுண்டியிடம் வந்து நின்றான். "மண்ணெண்ணெ வாங்க வர்ற கெழவிங்க மயக்கம் போட்டு வுழுதுங்க."

"அந்தாளு இன்னா பந்தக்காலா? நீ காட்ற எடத்துல எல்லாம் நட்டு வைக்க?" என்று சாமுண்டி கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவருக்கு இன்னாக்கா நஷ்டம்? எப்டியும் வேணாம்னுதான் சொல்லப் போறாளுங்க. ஊருக்காவது ஒபயோகமா இருக்கட்டுமே."

அன்றைக்கு அவள் ஏகாம்பரத்துக்குக் கொடுத்த ஜூஸில் சர்க்கரையே இல்லை.

ஆனால் பெண்கள் தீர்ந்துபோனார்கள். பரந்தாமனைப் பார்க்கப் போனால் காலைப் பற்றிப் பேசுவான் என்பது ஆற்காடு, ஆரணி வரை பரவிவிட்டது, ஏகாம்பரம் ஜாதகக் கட்டைத் தூக்கி சீட்டுக்கு அடியில் போட்டான். ஆட்டோ ஸ்டாண்டுக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே ஒரு பாய் அளவு இடம்தான் பாக்கி, அங்கே மட்டும் வெயில் குத்தவைத்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏகாம்பரம், "ஏம்பா, வெளிய எதுக்குத் தேடணும், நம்ம அக்காவே கீறாங்களே, அவங்கள இட்டாந்து உக்கார வெச்சா வேணாம்னு சொல்ல மாட்டாங்களா?" என்றான், ஸ்டாண்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு மிக்ஸியைத் தாண்டி உள்ளே வந்தது. சாமுண்டிக்குக் காதெல்லாம் சுட்டது. அவர்களோடு சேர்ந்து நின்ற பரந்தாமன் சிரித்தானா என்று எட்டிப் பார்த்தாள், அவன் முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் அவன் அம்மா இல்லாமல் தனியாக வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே வந்து ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பாய் அளவு வெயிலில் சரியாகப் போட்டான், இரண்டு நாற்காலியைப் போட்டான், திரும்பி வந்து, "ஏங்க, ரெண்டு சாத்துக்குடி," என்றான். பிறகு, "ஒண்ணு உங்களுக்கு. கொஞ்ச நேரம் வந்து உக்காருங்க," என்றான்.

கூட்ரோடு அப்படியே நின்றது. ருக்குமணி தொடுத்த பூவை விட்டாள், ஏகாம்பரம் சவாரிக்கு வந்தவனைக் கையமர்த்தி நிறுத்தினான். சாமுண்டி இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள், பாதி ஜூஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். பரந்தாமன் அவள் காலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், அதில் பேச வந்ததை மறந்துபோனான் என்று தோன்றியது.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றான் கடைசியில்.

இத்தனை வருஷம் காத்திருந்த ஒரு சொல் வந்து விழுந்தபோது அவளுக்கு அதன்மேல் சந்தோஷம் வரவில்லை, நேற்றைய சிரிப்புதான் வந்தது. அந்த நர்ஸுக்கும் பேங்க்காரிக்கும் குடைக்காரிக்கும் அப்புறம், ஊரில் பெண்ணே இல்லாமல் போன பிறகு, ஒரு பாய் இடத்தை அடைக்க, தான்.

"அவனுங்க சொல்லித்தானே வந்தீங்க?"

பொய் சொல்லத் தெரியாதவன் என்ன செய்வான். "அவங்களும் சொன்னாங்க, ஆனா..." என்று தொடங்கினான், அந்த ஆனாவுக்குப் பிறகு வந்ததை அவள் கேட்கவில்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். அதில் பழம் இல்லை.

அவள் நிழல் நாற்காலியில் இருந்துவிட்டது. ஏகாம்பரம் ஸ்டாண்டுக்கே சோடா வாங்கிக் கொடுத்தான், கூட்ரோட்டில் இனிமேல் வெயில் விழ இடமில்லை என்று கை தட்டினார்கள். சாமுண்டி கல்லாவில் உட்கார்ந்து தன் முன்னால் பார்த்தாள், அவள் கை நீட்டினாலும் எதன்மேலும் அதன் நிழல் விழவில்லை. பரவாயில்லை, நிழலை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன கிழித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் பரந்தாமன் டிபன் பாக்ஸோடு வந்தான். இத்தனை பெண்கள் நிழலை விட்டுப் போயிருக்கிறார்கள், அவன் எந்த நிழலையும் திரும்பிப் பார்த்தவன் இல்லை, எதற்குள்ளும் போய் நின்றவனும் இல்லை, வெயிலிலேயே வருவான் வெயிலிலேயே போவான். இப்போது நேராகப் போய் சாமுண்டியின் நிழலுக்கு எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். நிழலுக்குள் தலை சாய்க்க வந்த ஏகாம்பரத்தைக் கையைக் காட்டித் தடுத்தான். பிறகு பேச ஆரம்பித்தான். நிழலோடுதான். கம்பெனி சைரன் ஊதும்வரை பேசினான், மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான், சாம்பார் சாதம் கொண்டு வந்த நாளும் வந்தான், ஒன்றும் கொண்டு வராத நாளும் வந்தான், இப்படி நாள் தவறாமல் அவன் வந்து பேசிக்கொண்டே இருக்க, சாமுண்டி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மற்றவர்கள்மேல் பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே அல்ல என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நர்ஸைத் திட்டலாம், குடைக்காரி மேல் தண்ணீர் ஊற்றலாம், தன் நிழலை என்ன செய்வது? தன்னுடைய தோள், தன்னுடைய கொண்டை, தான் உட்காருகிற மாதிரியே கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்த முதுகு, ஆனால் தான் அல்ல. என்ன பேசுகிறான் என்று கேட்க மிக்ஸியை நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான். ருக்குமணியைக் கேட்டால், "எனுக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு, உன் நெழல்தானே, அவளாண்டயே கேளு," என்று சிரித்தாள். அவள் சிரித்த பிறகு சாமுண்டி உற்றுப் பார்த்தாள். நிழல் முதல் நாள் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தது. இப்போது முழங்கையை மேசையில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, அவன் பக்கம் தலையைச் சாய்த்திருந்தது.

"வெக்கங்கெட்டவ," என்றாள் சாமுண்டி வாய்விட்டு. ஜூஸுக்கு நின்ற ஒருத்தி தன்னைச் சொல்வதாக நினைத்து நகர்ந்து நின்றாள்.

பங்குனி முடிகிற சமயம் ஒரு மத்தியானம் அவள் பார்த்தபோது நிழலின் கொண்டையில் பூ இருந்தது. ஒரு முழம் மல்லிகை, ருக்குமணியின் நெருக்கமான கட்டு. சாமுண்டி தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை, அவள் பூ வைத்து வருஷமாகிறது. அவன் வாங்கியிருக்கிறான். நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டிருக்கிறான், அதை இந்த நிழல் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டது.

அடுப்பில் பால் இருந்தது, கல்லா திறந்திருந்தது, ஒருவன் சில்லறைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான், எதையும் பார்க்காமல் அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் அவள் நடந்து வந்தபோது அவளுக்குக் கீழே நிழல் இல்லாததால் தரை அவளைக் கூடுதலாகச் சுட்டது. மேசைக்கு வந்து நின்று, அவனைப் பார்க்காமல், நாற்காலியைப் பார்த்தே பேசினாள்.

"ஏய். எந்திரிடி."

நிழல் அசையவில்லை. பரந்தாமன்தான் பதறி எழுந்து நின்றான்.

"உங்கள சொல்லல. நீங்க உக்காருங்க," என்றாள். "என்னாண்ட பேசாததெல்லாம் இவளாண்ட இன்னா பேசறீங்க?"

"உங்ககிட்ட சொல்ல வந்ததத்தாங்க. நீங்கதான் எழுந்து போய்ட்டீங்க, இவங்க உக்காந்து கேட்டாங்க."

"இன்னா கேட்டா?"

பரந்தாமன் சுற்றிலும் பார்த்தான். எல்லா நிழலிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் வேலூர்ல ஏசி ஓட்டல்லதான் பாக்கலாம்னாங்க. நாந்தான் இங்க வேணும்னு சொன்னேன், ஒவ்வொரு தடவையும். சும்மா ஜூஸ் குடிக்க வந்தா குடிச்சி முடிக்கறதுக்குள்ள டம்ளர வாங்கினு அடுத்த ஆளுக்கு எடம் விடச் சொல்றீங்க. பொண்ணு பாக்க வந்தா ஒரு மணி நேரம் உக்கார விடறீங்க. இங்க உக்காந்தா உங்க ஜன்னல் தெரியும். நிமிந்து பாத்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்து கீழயே பாத்துனு இருந்தேன்."

இதைக் கேட்டிருந்தால் அந்தப் பெண்கள் எல்லோரும் அவன் பார்த்த செருப்புகளையே கழற்றியிருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. சாமுண்டிக்கும் நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. ஆனால் அந்த நேரத்திலும் அவள் கண் நிழலின் கொண்டையில்தான் இருந்தது. இத்தனையையும் இவள் முதலில் கேட்டிருக்கிறாள்.

ஏகாம்பரத்துக்கு விஷயம் போகிற போக்கு புரிந்துவிட்டது. ஓடி வந்து நடுவே நின்றான். "அக்கா, நல்ல காரியந்தான், நான் குறுக்க நிக்கல. ஆனா நீ உக்காந்துட்டா இந்த நெழல் போய்டும் அக்கா. கத்திரி வெயில் இனிமேதான் கீது. வைகாசி வரிக்கும் பொறுத்துக்கக் கூடாதா? அவரு எங்க போய்டப் போறாரு? தெனம் வந்துனுதானே கீறாரு, உன் நெழலாண்டயே பேசினு இருக்கட்டும், பந்தல் செலவு நாங்க பாத்துக்கறோம்." ஆட்டோக்காரர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், தர்பூசணிக்காரன்கூட ஆட்டினான், ருக்குமணி மட்டும் கூடையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"வைகாசி வரிக்கும் இவ கேட்டுனு இருப்பா, நான் பால் காச்சினு இருக்கணுமா?" என்று சாமுண்டி போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். "வழிய வுடு."

அவன் விட்டான். அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்து, உட்கார்ந்திருக்கிற தன் நிழலின் மேலேயே, இடம் விடுகிறாளா இல்லையா என்று பார்க்காமல், பொத்தென்று உட்கார்ந்தாள். ஒரு கணம் நாற்காலியில் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. பிறகு நிழல் அவள் மடி வழியே இறங்கி, புடவை வழியே இறங்கி, காலடியில் உச்சிவேளைக்குரிய அளவுக்குச் சுருங்கிக்கொண்டது. மல்லிகைச் சரம் நாற்காலி முதுகிலிருந்து நழுவி அவள் தோளில் விழுந்தது, அவள் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குத் திரும்பினான்.

பரந்தாமன் அவளையே பார்த்தபடி, "அப்ப சம்மதமாங்க?" என்றான்.

சாமுண்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மற்ற நிழல்களை ஒருமுறை பார்த்தாள்.

"அது அப்பறம்," என்றாள். "மொதல்ல அந்தக் குடைக்காரியாண்ட அரமணி நேரம் இன்னா பேசினன்னு சொல்லு. அப்பறம் அந்த நர்ஸு. ஒவ்வொருத்தியா வரணும்."

அவன் சொல்ல ஆரம்பித்தான். உள்ளே பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது, யாரோ போய் அடுப்பை அணைத்தார்கள். நிழல் போன அந்த இடத்தில் வெயில் சுள்ளென்று இறங்கி, மேசையைத் தொட முடியாதபடி சுட்டது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.